நீதிபதி கற்றுக் கொண்டார்; மாணவர்கள்?

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ விரும்பி, வீட்டார் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து ஐகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவசரப்படவில்லை. விஷயம் தமக்குச் சரியாக விளங்கவில்லை என்று சொல்லி, தாமே ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய்ப் பாடம் கேட்டார்! அதன் பிறகே, தன்பால் ஈர்ப்பு உடையவர்களை 'மாற்றுகிறேன்' என்று யாரும் வைத்தியம் செய்யக் கூடாது என உத்தரவிட்டார்.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய வைத்தியத்தைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. நல்லது. ஆனால் அது டாக்டர்களுக்குத்தான். மனோதத்துவம் படித்து ஆலோசனை கூற வருகிறவர்கள் அந்த ஆணையத்தின் கீழ் இல்லை. ஆணையமாவது உறுதியாக நின்றதா? 2024 ஆகஸ்டில் அது வெளியிட்ட பாடத்திட்டத்தில் தன்பாலுறவு பழையபடி குற்றங்களோடு தலை காட்டியது. கண்டனம் எழுந்ததும் செப்டம்பரில் வாபஸ் ஆயிற்று.

ஒரு தகப்பனார் மகனை அழைத்து வந்து, "பெண் பார்த்திருக்கிறோம், இவனைச் சரிப்படுத்திக் கொடுங்கள்" என்கிறார். பணம் கொடுப்பவர் அவர். பையனோ வாய் திறக்கவில்லை. 'இது வியாதி அல்ல' என்று புத்தகத்தில் படித்த மாணவர் என்ன செய்வார்?

முதலில் தகப்பனாரை வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். தூக்கம் வருகிறதா, உயிரை விடும் எண்ணம் உண்டா என்று பையனிடம் விசாரிக்க வேண்டும். அவன் சொன்னதை அவன் சம்மதமின்றி வீட்டாரிடம் சொல்லக் கூடாது. பரீட்சைத் தாளில் இது வராது. அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் இருந்து திருத்தினால்தான் வரும். பல்கலைக் கழகங்கள் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். திருநங்கையரையும் தன்பால் ஈர்ப்பு உடையவர்களையும் வகுப்புக்கு அழைத்துப் பாடம் நடத்தச் சொல்லட்டும், சம்பளம் கொடுத்து.