ஜவ்வாது மலை ரீல்ஸ்: லைக் வருது, வேலை வருமா?

வார இறுதியில் போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பைக்குகளில் கேமரா பை இல்லாத தோளைப் பார்ப்பது அரிது. பீமன் அருவி, கோமுட்டேரி படகு, காவலூர் விண்ணோக்கு நிலையத்தின் குவிமாடம். திங்கள்கிழமை காலை இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இதே மூன்றும், கொஞ்சம் நிறம் கூட்டி, பின்னணியில் ஒரு இளையராஜா பாட்டோடு ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிப் போடுபவர்களில் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: ‘ஃபாலோயர்ஸ் பத்தாயிரம் ஆகட்டும், ஐடி வேலையை விட்டுடலாம்.’ விட முடியுமா? முடியும், விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் போன வழியும் ரீல்ஸ் காட்டும் வழியும் ஒன்றல்ல.

முதலில் அந்தச் செயலியையே பார்ப்போம். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது அது படங்களுக்கான இடம். 2020-ல் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் சில நாட்களிலேயே ரீல்ஸ் இங்கே வந்தது. அடுத்த ஆண்டு, ‘நாங்கள் இனி வெறும் படம் பகிரும் செயலி அல்ல’ என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே அறிவித்துவிட்டார். படத்தை நம்பிக் கடை போட்டவர்கள் ஒரே நாளில் வீடியோ எடுப்பவர்களாக மாற வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் சுவரை இடித்துக் கட்ட முடியாது. வீட்டுக்காரர் மனசு மாறினால் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அப்புறம் எதை நம்புவது? நியூயார்க்கின் பிராண்டன் ஸ்டான்டனை எடுத்துக்கொள்வோம். சிகாகோவில் பத்திர வர்த்தக வேலை போனபின், 2010-ல் தெருவில் போகிறவர்களைப் படமெடுத்து ‘ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்’ என்ற வலைப்பூவில் போட ஆரம்பித்தார். வெறும் முகங்களாக இருந்தவரை அது நூற்றில் ஒன்று. படத்தில் இருப்பவர் சொன்ன நாலு வரியைக் கூடவே போட்ட பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. 2013-ல் புத்தகம் வந்து விற்பனைப் பட்டியலில் ஏறியது.

அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. டிகேஎன்ஒய் என்ற ஃபேஷன் நிறுவனம் அவருடைய 300 படங்களுக்கு 15,000 டாலர் தருவதாகச் சொல்லியிருந்தது. படத்துக்கு 50 டாலர்தான் வருகிறது என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு அதே படங்கள் அந்நிறுவனத்தின் பாங்காக் கடை ஜன்னலில் தொங்கின. பார்த்துச் சொன்னவர் ஒரு ரசிகர். புரூக்ளின் ஒய்எம்சிஏவுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுங்கள் என்று ஸ்டான்டன் பொதுவில் கேட்டார்; நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 25,000 கொடுத்தது. ஃபாலோயர்களின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. அவர்கள் சம்பளம் தர மாட்டார்கள், சாட்சி சொல்வார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் ஊரிலேயே எம். பழனிக்குமார் இருக்கிறார். மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அந்த மக்களையும் தமிழகத்துக் கடலோரப் பெண்களையும் வருடக்கணக்கில் விடாமல் படமெடுத்தார். படத்தோடு கட்டுரையும் எழுதினார். ‘பாரி’ இணைய இதழில் அவை வந்தன. 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர். ‘ட்ரெண்டிங்’ பார்த்துத் தேர்ந்தெடுத்த விஷயமா அது? யாரும் பார்க்க விரும்பாத ஒன்றை விடாமல் காட்டியதால் கிடைத்த இடம்.

ஜவ்வாது மலைக்கே திரும்புவோம். புகைப்படத்தில் இந்த மலைக்குப் பெரிய வரலாறே உண்டு, ரீல்ஸ் போடுபவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். காவலூரில் 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிய 4130 அதுதான். கண்ணை வைத்துப் பார்த்தவுடன் சிக்கிய பொருளல்ல. வானத்தின் ஒரே பகுதியை இடைவெளி விட்டுப் படமெடுத்து, ஒப்பிட்டு, எது நகர்ந்திருக்கிறது என்று தேடும் வேலை.

வேலை தேடும் போட்டோகிராபருக்கும் இதே வழிதான் சரிப்படும். அருவியை ஒரு நாள் எடுத்தால் ஆயிரத்தில் ஒரு படம். ஒரே ஊரின் சாமை வயலை விதைப்பிலிருந்து கதிரடிப்பு வரை, இரண்டு மூன்று பருவம் எடுத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், மாதம், வேலையின் பெயர் எழுதி சொந்தத் தளத்தில் வைத்தால்? சிறுதானியம் விற்கும் நிறுவனமோ பத்திரிகையோ தொண்டு அமைப்போ ‘ஜவ்வாது மலை சாமை’ என்று தேடும்போது கிடைப்பது அந்த எழுத்துதான். ரீலுக்குள் இருப்பதைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போது படம் சுருங்குகிறது, உள்ளே பதிந்த விவரங்களும் போய்விடுகின்றன. அதைக் கடை வாசல் பலகையாக வைத்துக்கொள்ளலாம், சரக்கு உள்ளே இருக்கட்டும். (அதுவரை வாடகை கட்டுவது யார் என்று கேட்டால், கல்யாண வீடுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.)

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. எடுத்தவருக்கே உரிமை என்பது பொது விதி; எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டுகள். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவில் ஒரு பொடி இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்துக்கொடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் கேட்டவர்தான். ஹோம்ஸ்டேக்காரருக்கு எடுத்துக்கொடுத்த படத்தை நாளைக்கு நீங்கள் வேறிடத்தில் விற்க முடியாமல் போகலாம். நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

மலைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி பாக்கி. காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் லடாக்கின் ஹான்லேயிலும் இருக்கிறது. அங்கே பொறியாளர் டோர்ஜே ஆங்சுக் எடுத்துப் பகிர்ந்த இரவு வானப் படங்களால் அந்தக் கிராமத்தை உலகம் தெரிந்துகொண்டது. 2022-ல் ஹான்லே சுற்றுவட்டாரம் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர் மக்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்தார்கள், வருகிறவர்களுக்கு வானம் காட்டுவதில் அவர்களுக்கும் வருமானம் வருகிறது. ஜவ்வாதில் நடப்பது தலைகீழ். பால்வீதி எடுக்கப் போகிறவர்களின் ஹெட்லைட்டும் டார்ச்சும்தான் அந்த இருட்டைக் கெடுக்கின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் போட்டு வனத்துறையிடம் மாட்டிக்கொள்வது தனிக் கதை.

களத்தில் நெல்லோ சாமையோ புடைக்கும் அம்மாவிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட படங்கள்தான் அதிகம். விளம்பரத்துக்கு அந்தப் படத்தை யாராவது கேட்டால், அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் பெரிய ஏஜென்சிகள் தொடாது. அந்தக் கையெழுத்து முதல் சந்திப்பில் கிடைக்காது. போன தடவை எடுத்த படத்தை பிரின்ட் போட்டுக் கையில் கொடுத்தால், ‘உக்காருப்பா, களி தின்னுட்டுப் போ’ என்ற பேச்சில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரரும் தன்னை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்.