மாட்டுக்கு ஞாயிறு ஏது?

"ஒரு ஞாயிறுகூட வெளியே போக முடியாதாமே?" இயற்கை வேளாண்மைக்கு வர நினைக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் பூட்டிவிட்டுப் போக முடியாது, ஒப்படைத்துவிட்டுத்தான் போக முடியும்.

எங்களிடம் இருப்பது அடிமாட்டுக்குப் போகவிருந்த ஒரு நாட்டுப் பசு, சாலையோரம் யாரோ விட்டுப்போன இரண்டு நாய்கள். பசுவுக்குக் கறவை இல்லை. இருந்தாலென்ன? ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் கலக்க 10 கிலோ சாணமும் 10 லிட்டர் கோமியமும் அவள்தான் தருகிறாள். நாய்கள் இராக்காவல். வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் வருடந்தோறும் தவறாமல் போட்டுவிடுகிறோம்.

மாதம் ஒரு ஞாயிறு நானும் வீட்டுக்காரம்மாவும் கோவைக்குக் கிளம்பிவிடுவோம். உக்கடம் பெரியகுளக் கரையில் நடை, ஒரு சினிமா, ஓட்டல் சாப்பாடு. வருடம் முழுக்க அடுப்படியும் மாட்டுக்கொட்டகையுமாக இருப்பவளுக்கு அந்த ஒருநாள் வேண்டாமா?

ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் போய்விட்டோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. நாக்கு வறண்டு நின்றாள் பசு. அன்றிலிருந்து பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டோடு முறை வைத்துக்கொண்டோம். எங்கள் ஞாயிறு அவர்கள் பொறுப்பு, அவர்கள் ஊருக்குப் போனால் எங்கள் பொறுப்பு. கூலி கிடையாது.

ஆசைப்பட்டு மாட்டைப் பிடிச்சிட்டு வர்றது சுலபம். நாம இல்லாத அன்னைக்குத் தண்ணி காட்ட யாரு? அதை முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் மாட்டைப் பிடிங்க.