காருக்கு வெளியே பொருத்திய ஏ.சி.: உத்தரவாதம் யார் பொறுப்பு?

புது தில்லி: புதிய காரில் வெளிக்கடையில் பொருத்திய ஏ.சி. பழுதானால், உத்தரவாதம் செல்லாது என்கிறார் விற்பனையாளர். பொருத்தியவரோ காரின் மீது பழி போடுகிறார். பெங்களூரு ஜே.சி. சாலைக் கடைகளை நம்பிய உரிமையாளருக்கு, மத்தளத்தைப் போல இரு பக்கமும் இடி.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. பெங்களூரை அடுத்த பிடதியில் ஆலை வைத்துள்ள டொயோட்டாவும் அவற்றில் ஒன்று. வெளியில் பழுதுபார்த்ததற்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது. தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

அவ்வழக்கு உதிரி பாகங்கள், பழுதுபார்ப்பு பற்றியது. எனினும், அதே அளவுகோலை ஏ.சி.க்கும் பொருத்துவதே நியாயம். கம்ப்ரசர் இயங்குவது என்ஜினின் விசையால். எனவே பெல்ட், மின்கம்பி கோளாறுகளில் நிறுவனத்தின் வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் கியர் பெட்டி, பிரேக் பழுதுக்கும் ஏ.சி.யைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். குறைபாட்டை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ரசீதின்றிப் பொருத்தியவரின் வழக்கு, தொடக்கத்திலேயே வலுவிழந்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது.