சுட்டவன் பின்னால் போக வேண்டும்

பழனிசெட்டிபட்டிக்கு யானை வந்ததாக என் நினைவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் ஊருக்கு மலையிலிருந்து வருவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மட்டும்தான். லோயர் கேம்ப்பில் தொடங்கி எங்கள் ஊரில் முடியும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் செய்தித்தாள் வாசிக்கும் எவருக்கும் மனப்பாடமான கணக்கு. அந்தக் கணக்கின் ஒரு முனையில் காடு இருக்கிறது. மறுமுனையில் நாங்கள் இருக்கிறோம். ஆகவே 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் கம்பம் நகரத் தெருக்களில் ஓடுகிற காட்சி கைபேசிகளில் வந்தபோது, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்கள் தேநீர்க்கடையில் அச்சத்தைவிட ஆலோசனைகளே மிகுந்திருந்தன.

"பன்னெண்டு போருத் தோட்டா யானைத் தோலுக்குள்ள எறங்குமாண்ணே?" என்று ஒருவர் தொடங்கினார். "அது கொக்கு சுடுறதுக்குய்யா. ரைபிள் வேணும். நெத்திப் பொட்டுல ஒண்ணு வச்சாச் சோலி முடிஞ்சிரும்" என்றார் இன்னொருவர். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டிராத ஆறேழு பேர் குண்டின் எடை, தூரம், நெற்றியா காதோரமா என்று அரைமணி நேரம் பேசினார்கள். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. இளவயதில் மேகமலைத் தோட்டத்துத் துரைமார் வேட்டைக்குப் போகும்போது சாமான் சுமந்து போனவர் அவர். கடைசியில் அவரிடம், "நீங்க சொல்லுங்க தாத்தா, எந்தத் துப்பாக்கி சரிப்படும்?" என்று கேட்டார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எதுல சுட்டா என்னப்பா, சுட்டவன் பின்னால போகணும். அதுக்கு ஆளு இருக்கா?" என்றார்.

அந்தச் சொல் என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. வேட்டை இலக்கியத்தை ஓரளவு வாசித்தவன் என்ற முறையில், அந்த நூல்களில் இன்றும் நமக்குப் பயன்படக்கூடியது அவர் சொன்ன அந்த ஒரு விதி மட்டுமே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

வேட்டைக்காரர்கள் ஒன்றுகூடினால் கருவியைப் பற்றிப் பேசுவது மிகப் பழைய வழக்கம். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வல்வில் ஓரியின் அம்பை நினைத்துப் பாருங்கள். யானை, புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாகத் துளைத்துச் சென்று புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது அந்த ஒரே கணை. ஊடுருவும் ஆற்றலைப் பற்றி இன்றைய தோட்டா விளம்பரங்கள் சொல்லும் பெருமிதத்தின் ஆதி வடிவம் அது. படைச்செருக்கு பாடிய வள்ளுவரும் யானையைத் தவறவிட்ட வேலுக்கே பெருமை தருகிறார். இலக்கின் பருமனை வைத்து வீரத்தை அளக்கும் மனம் நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் கொண்டுவந்து கொடுத்ததும் அல்ல.

அவர்கள் பேசியது ஈயத்தையும் கருமருந்தையும் பற்றி. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாகப் பிரிக்கிறோமோ அந்த எண்ணே குழலின் 'போர்' எண். பன்னிரண்டு போர் என்றால் பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள குண்டு. நான்கு போர் என்றால் கால் பவுண்டு, அதாவது நூறு கிராமுக்கும் மேல். மைசூர் அரசில் யானை பிடிக்கும் பணியிலிருந்த சாண்டர்சன் 1878இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய கனத்த குண்டுகளின் பக்கமே நின்றார். இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி, 1854இல் அங்கத்திய வேட்டை பற்றி நூல் எழுதிய சாமுவேல் பேக்கர், பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கு அரைப் பவுண்டுக் குண்டு வீசும் துப்பாக்கியொன்றைக் கொண்டு சென்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பேபி'. அதன் உதைப்புக்கு அஞ்சி அவரே அதை அரிதாகத்தான் வெடித்தார்.

எதிர்த்தரப்பில் நின்றவர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற ஸ்காட்லாந்துக்காரர் பெல். அவற்றில் பெரும்பான்மையை 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குண்டால் வீழ்த்தியவர். யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, தேன்கூடு போன்ற எலும்பறைகளுக்குள் மூளை எங்கே ஒளிந்திருக்கிறது என்று படித்துக்கொண்டவர். குண்டின் எடையைவிட அது போய்ச் சேரும் இடமே முக்கியம் என்பது அவர் கட்சி. நூறாண்டுகளாக வேட்டைக்காரர்கள் இந்த இரண்டு கட்சிகளாகப் பிரிந்து வாதாடி வந்திருக்கிறார்கள்.

ஆனால் இரு கட்சிக்கும் அடியில் ஓர் ஒற்றுமை இருந்தது. இருவரும் அஞ்சியது ஒன்றையே: காயத்துடன் தப்பிய விலங்கை. நம் மேற்கு மலையின் காட்டுமாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோளின் மேல் முகடுபோல் எழுந்து நிற்கும் திமிலைப் பார்த்து ஏமாந்து உடலின் நடுவென்று எண்ணி உயரமாகச் சுடுபவன் இதயத்தையும் தொடமாட்டான், முதுகெலும்பையும் தொடமாட்டான். மாடு குண்டோடு புதருக்குள் போய்விடும். கருவி பற்றிய அறிவுரைகள் எல்லாம், தற்பெருமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்த நிலை வராமல் தடுப்பதற்கான அறிவுரைகளே. அப்படியும் வந்துவிட்டால்? சற்று நேரம் பொறு, பின் இரத்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நீயே போ, முடித்துவிட்டு வா, இருட்டிவிட்டால் காலையில் திரும்பப் போ. இதில் தவறியவனை மற்ற வேட்டைக்காரர்கள் மதித்ததில்லை.

இது வெறும் கண்ணியம் சார்ந்த விதியன்று. 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 மனிதர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் உடைந்திருந்ததைக் கண்ட கார்பெட், பழைய துப்பாக்கிக் காயத்தால்தான் அது இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் மனிதரைத் தேடியது என்று முடிவுசெய்தார். எவனோ ஒருவன் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் பின்தொடராத தடத்தின் விலையைக் குமாவுன் மலைப்பெண்கள் புல்லறுக்கப் போன இடத்தில் செலுத்தினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: இந்த நூல்கள் எல்லாம் ஆண்டைகளின் பெருமைப் பாட்டுத்தானே, இவற்றில் அறம் தேடலாமா? மறுப்பில் நியாயம் உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தார்கள். கிளர்ச்சி செய்பவர்களின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அவை பயன்பட்டுவிடும் என்ற அச்சம். வேட்டைக்காரர்கள் ஆர்வத்தோடு ஒப்பிட்டுப் பேசும் .465, .470 அளவுகள் இந்தியச் சந்தையில் இடம்பிடித்தது அதனால்தான். நம்மூரில் உரிமம் பெற்றவர்களிடம் இன்றும் காணப்படும் .315 ரைபிளின் அளவும், இராணுவத்தின் .303 தோட்டா குடிமக்கள் துப்பாக்கியில் பொருந்திவிடக்கூடாது என்ற எண்ணத்தில் வந்ததே. யானைக்கு எது ஏற்றது என்பதை மட்டும் வைத்து இந்த நாட்டில் துப்பாக்கியின் அளவு தீர்மானிக்கப்பட்டதில்லை. யார் கையில் இருக்கலாம் என்பதும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நூல்களில் துப்பாக்கிக்கு முழுப்பெயர் இருக்கும். தடம் பார்த்தவனுக்குப் பெயர் இருக்காது. கென்னத் ஆண்டர்சன் தம் .405 வின்செஸ்டரோடு பைரா என்ற பூசாரியையும் நம் நினைவில் நிறுத்தியது விதிவிலக்கு. எங்கள் மலைகளில் முதுவரும் மன்னாரும் பளியரும் இல்லாமல் எந்தத் துரையும் ஒரு காட்டுமாட்டைக்கூடக் கண்டிருக்க முடியாது. 'பின்னால் போ' என்ற விதியை நடைமுறையில் காப்பாற்றியவர்களும் பெரும்பாலும் அவர்களே. தேநீர்க்கடை முதியவர் அந்த மரபில் வந்தவர். ஆகவே அந்த அறத்தை ஆண்டைகளிடமிருந்து கடன் வாங்குவதாக நான் நினைக்கவில்லை. சுமந்தவர்களிடமிருந்து திரும்பப் பெறுகிறோம்.

துப்பாக்கி போய்விட்டது, போனதும் நல்லதே. பெரியாற்று ஏரியைச் சுற்றிய காடு 1934இல் காப்பிடமாயிற்று. 1978இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. மூணாற்றுத் தோட்டக்காரர்களின் வேட்டைக்களமாக இருந்த இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்கா ஆனது. கட்டுப்பாட்டுடன் வேட்டையாடிய அவர்களால் அங்கே வரையாடு பிழைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விட்டுவைத்திருந்த வேட்டை உரிமங்களையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. மேகமலை 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இவற்றில் ஒன்றையும் திருப்பிப்போடச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

என் கவலை வேறு. வேட்டைக்காரன் போனபின் காயம் நிற்கவில்லை. காயத்துக்கு உரியவன்தான் காணாமல் போனான். அவுட்டுக்காய், சுருக்குக் கம்பி, திருட்டு மின்சாரம் பாயும் வேலி ஆகியவைதாம் இன்றைய வேட்டைக் கருவிகள். இவற்றுக்கு அளவும் இல்லை, குறியும் இல்லை. பன்றிக்கு வைத்த வெடி யானையின் வாயில் வெடிக்கிறது. 2020 மே மாதம் பாலக்காட்டு வெள்ளியாற்றில் வாய் சிதைந்து தண்ணீருக்குள் நின்றபடியே இறந்த சூல்யானையை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. வெடியை வைத்தவனும் கம்பியைக் கட்டியவனும் அந்நேரம் உறங்கிக்கொண்டிருப்பான். கருவி தானே கொல்லும். தொடர்ந்து போக யாருமில்லை. வேட்டை மரபு எதை இழிவின் எல்லை என்று கருதியதோ அதுவே நம் காலத்தின் பொதுவழக்கமாகிவிட்டது.

உழவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே இரவில் பன்றிக்கூட்டம் உழுதுபோட்ட நிலக்கடலைக் கொல்லையின் வரப்பில் காலையில் நின்று பார்த்தவன் நான். நம் குறிஞ்சிப் பாட்டுகளில் தினைப்புனம் காக்கும் பெண்கள் பரண்மீது இருந்து தட்டையும் குளிரும் தழலும் கொண்டு ஒலியெழுப்பிக் காத்தார்கள். பகலிலும் இரவிலும் ஆள் இருந்த காவல் அது. இன்று காவலுக்கு ஆள் இல்லை, கூலிக்கும் கட்டாது. ஆள் இல்லாத இடத்தில்தான் கம்பி வருகிறது.

இந்நிலையில் துப்பாக்கி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கேரளம் 2022இல் பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. சுடுபவர்கள் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். தமிழகம் 2025 சனவரியில் வேறு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இந்த அறிவிப்புகளைப் பற்றி நடந்த வாதங்களில் எல்லாம் தூரத்தைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும்தான் பேச்சு. காயம்பட்டு ஓடும் பன்றியை யார் தேடிப் போவது, கரும்புக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்வது, மறுநாள் காலையில் அங்கே தண்ணீர் பாய்ச்சப் போகும் பெண்ணுக்கு யார் எச்சரிக்கை சொல்வது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சுட வேண்டிய கட்டாயம் வந்தால் சுடட்டும். ஆனால் ரவை பறக்கும் பழைய பறவைத் துப்பாக்கியால் அன்று. பழகிய கையால், ஏற்ற தோட்டாவால். சுட்டவர் பின்தொடர்ந்தார், முடித்தார் என்பது ஏட்டில் பதிய வேண்டும். எத்தனை பன்றி இறந்தது என்ற கணக்கோடு எத்தனை காயத்துடன் தப்பியது என்ற கணக்கும் கேட்கப்பட வேண்டும். இரண்டாவது கணக்கைக் காட்ட முடியாதவர் கையில் துப்பாக்கி இருக்கலாகாது.

அரிக்கொம்பனுக்கு வருகிறேன். கம்பத்தில் அது தாக்கிக் காயமுற்ற ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். அந்த வீட்டின் துயரத்துக்கு முன்னால் எந்த வாதமும் சிறியது. சுட்டுவிடலாம் என்று சொன்னவர்களின் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் நடந்தது வேறு. ஆனைமலையிலிருந்து கும்கிகள் வந்தன. மருத்துவர்களும் வனக்காவலர்களும் ஒரு வாரத்துக்கு மேல் அதன் பின்னாலேயே அலைந்தார்கள். எடையைக் கணித்து மருந்தின் அளவு, மருந்தூசி தைக்க வேண்டிய இடம், மயங்கி விழும் நிலத்தின் சரிவு என்று அவர்களுக்குள் நடந்திருக்கக்கூடிய பேச்சு, பழைய வேட்டை முகாம்களின் பேச்சுக்கு மிக அண்மையிலிருந்திருக்கும். சூன் 5 அதிகாலையில் ஊசி தைத்தது. அதன்பின் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. லாரியில் ஏற்றி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்து, கோதையாற்றின் மேற்காடுவரை கூடவே போனார்கள். கழுத்துப்பட்டை அனுப்பும் சைகையின் வழியாக அதன்பின்னும் அதைத் தொடர்ந்தார்கள். ஒரு யானையை அதன் காட்டிலிருந்து பெயர்த்து எங்கோ விடுவது சரியா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் ஐயம் உண்டு. ஆனால் சுட்டவர்கள் பின்னால் போனார்கள்.

அன்று மாலை தேநீர்க்கடையில் அதே முதியவர் இருந்தார். லாரி போகும் காட்சியைக் கைபேசியில் காட்டினார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவர், "கூடப் போறாங்கள்ல, சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.