கோடு போடுபவர் யார்?

கூட்டுறவுச் சங்கத்தில் நூறு பங்கு உடையவருக்கும் ஒரு வாக்கு. ஒரே பங்கு உடைய தறிக்காரருக்கும் ஒரு வாக்கு. இவ்விதியில் பழகிய அங்கத்தினர்கள், சட்டசபைத் தேர்தலிலும் எல்லா வாக்குக்கும் எடை ஒன்றே என்று எண்ணியிருக்கக்கூடும். கணக்கோ வேறு சொல்லுகிறது.

யானைக்கவுனியை அடுத்த சௌகார்பேட்டை, துறைமுகம் தொகுதியைச் சேர்ந்தது. 2021 தேர்தலின்போது அத்தொகுதியின் வாக்காளர் சுமார் 1.76 இலட்சம், தெற்கே சோழிங்கநல்லூரில் 6.9 இலட்சத்துக்கு மேல். இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினரே. அங்கே நால்வர் சேர்ந்து பெறும் செல்வாக்கை இங்கே ஒருவர் பெறுகிறார். இது சூழ்ச்சியால் விளைந்ததன்று. 2001 ஜனத்தொகையைக் கொண்டு 2008-ல் எல்லை வகுத்தார்கள். பூங்கா நகர் தொகுதி மறைந்தது. துறைமுகம் வடசென்னைப் பாராளுமன்றத் தொகுதியை விட்டு மத்திய சென்னைக்குப் போயிற்று. பிறகு நகரம் தெற்கே வளர்ந்தது. கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஆட்சேபணைகளைப் பொது விசாரணையில் கேட்கவேண்டுமென்று சட்டம் விதித்தது மெய்தான். தறியை நிறுத்திவிட்டு விசாரணைக்குப் போகக்கூடியவர் எத்தனை பேர்?

வடநாட்டுக்கு இடம் பெருகி நமக்குக் குறையுமோ என்னும் கவலையில் நியாயம் உண்டு. சென்னை ராஜ்யத்துக்குப் பாராளுமன்றத்தில் 1962-ல் 41 இடம்; 1967-ல் 39. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற ராஜ்யங்கள் நஷ்டப்படலாகாதென்றே 1976-ன் 42-ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கோடு நிறுத்தியது. 2001-ன் 84-ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை நீட்டியது. ராஜ்யங்களுக்கிடையே பங்கீடு என்பது பேசித் தீர்க்கவேண்டிய அரசியல். ஒரே ராஜ்யத்துக்குள் வாக்கும் வாக்கும் சமமா என்பது வேறு கேள்வி. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது, சலுகை நம் பக்கமே இருந்தாலும், நமக்கு உசிதமாகப் படவில்லை.

இவற்றைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது, கோடு போடுபவரை நியமிப்பது யார் என்பதே. 2002-ஆம் ஆண்டுச் சட்டம் கமிஷன் தலைவராக உச்ச நீதிமன்றத்தின் இந்நாள் அல்லது முன்னாள் நீதிபதி வேண்டுமென்றது. எந்த நீதிபதி என்பதை மத்திய அரசின் விருப்பத்துக்கு விட்டது. அவ்வாறு வந்தவரே ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங். அவருடைய நேர்மையைப் பற்றியதன்று நம் பேச்சு, விதியைப் பற்றியது. சட்டசபை உறுப்பினர்கள் துணை அங்கத்தினராக அமரலாம், அவர்களுக்கு வாக்கில்லை. கமிஷனின் கட்டளைக்குச் சட்டத்தின் வலிமை உண்டு. அரசியல் சாசனத்தின் 329-ஆவது ஷரத்து இதில் நீதிமன்றத்தை விலக்கிவைக்கிறது. 1966-ல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்பியது. வெளிப்படையான தான்தோன்றித்தனம் இருப்பின் பரிசீலிக்கலாம் என்று 2024-ல் அதே மன்றம் கூறியது. திறந்தது குறுகிய வாசல்தான்.

அப்பீல் இல்லாத தணிக்கையாளரை நிர்வாகக் கமிட்டியே பொறுக்கிக்கொள்ள எந்தச் சங்கத்தின் மகாசபையாவது சம்மதிக்குமா? ஆட்சியில் எக்கட்சிக் கொள்கையினர் இருப்பினும், பிரதம நீதிபதி பெயரைத் தரவேண்டும். எதிர்க்கட்சித் தலைவரும் இசைந்த பின்னரே நியமனம் நடக்கவேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நம் அங்கத்தினர்கள் நூல் விலையோடு இதையும் கேட்கலாம்.