கூலியா, சுமையா?

தொழிலாளியின் ஊதியத்தை எந்தச் சொல்லால் குறிப்பது என்பது அகராதி தொகுப்போரின் கவலை என்றே பலரும் எண்ணுவர். உழைப்பு, செலவு, விலை பற்றிய ஆங்கிலச் சொற்கள் பிரெஞ்சு மொழிக்குப் பெயர்க்கப்படும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால், அதுவும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு களமே என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் ‘லேபர்’ என்ற ஒரே சொல் பல இடங்களில் பயன்படுகிறது. வாகனப் பட்டறையின் ரசீதில் உதிரிபாகங்களின் விலைக்குக் கீழே அது வேலைக்கூலியைக் குறிக்கிறது. பிரெஞ்சு ரசீதில் அந்த இடத்தில் ‘மேன்-தெவ்ர்’ என்று எழுதுவர். வேலை செய்யும் கை என்பது அதன் வேர்ப்பொருள். ‘லேபர் காஸ்ட்’ குறியீட்டெண் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இயற்றிய ஒழுங்குமுறையின் பிரெஞ்சு வடிவமும் இச்சொல்லையே கையாள்கிறது. பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் வெளியிடும் குறியீட்டெண்ணின் பெயரிலோ ‘உழைப்பின் செலவு’ என்ற தொடர் இடம்பெறுகிறது. ஓர் அலகு உற்பத்திக்கு ஆகும் ‘லேபர் காஸ்ட்’ என்று பொருளாதார அறிக்கைகள் கூறுவது பிரெஞ்சில் ‘கூலிச் செலவு’ ஆகிறது. கை, உழைப்பு, கூலி என மூன்று பெயர்கள். ஆனால் மூன்றுடனும் ‘செலவு’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அது யாருடைய செலவு? முதலாளியின் கணக்கேட்டில் மட்டுமே கூலி செலவாகப் பதிவாகிறது. தொழிலாளியின் வீட்டில் அது வரவு. அரிசியும் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் அதிலிருந்தே வருகின்றன. முதலாளியின் கணக்கேட்டுச் சொல் நாட்டின் பொதுச்சொல்லாகிவிட்டால், ஊதிய உயர்வு கேட்பவர் நாட்டின் செலவை ஏற்றுபவராகத் தோன்றுவார்.

இந்தச் சொல் மயக்கத்தை மார்க்ஸ் அன்றே தோலுரித்தார். கூலி உயர்ந்தால் விலைவாசி உயரும், ஆகவே கூலிப் போராட்டம் வீண் என்று முதலாம் அகிலத்தின் பொதுக்குழுவில் ஜான் வெஸ்டன் வாதிட்டார். 1865 ஜூனில் மார்க்ஸ் அதே பொதுக்குழுவில் ஆங்கிலத்திலேயே அதற்குப் பதிலுரைத்தார். ‘கூலி, விலை, லாபம்’ என்று தமிழ் வாசகர்கள் அறிந்த நூல் அந்த உரையே. தொழிலாளி விற்பது உழைப்பை அல்ல, உழைப்புச் சக்தியை. கூலி உயர்வு பொதுவாகக் குறைப்பது முதலாளியின் லாபத்தையே என்று அவர் நிறுவினார். ஆங்கில உரையில் உள்ள இவ்வேறுபாட்டைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் ‘உழைப்பு’ எனவும் ‘உழைப்புச் சக்தி’ எனவும் தனித்தனிச் சொற்களால் காத்துநிற்கிறது. புள்ளியியல் அறிக்கையின் ‘உழைப்பின் செலவு’ அந்த வேறுபாட்டை அழிக்கிறது. அத்துடன் உபரி மதிப்பும் கண்ணிலிருந்து மறைகிறது.

உபரி மதிப்பு என்ற சொல்லுக்கும் பிரெஞ்சில் ஒரு கதை உண்டு. 1872 முதல் 1875 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தின் பிரெஞ்சுப் பதிப்பை ஜோசப் ருவா மொழிபெயர்க்க, மார்க்சே திருத்தினார். அதில் உபரி மதிப்பு ‘ப்ளூ-வாலியூ’ எனப்பட்டது. இன்றைய பிரெஞ்சு வணிக ஏடுகளில் அதே சொல், பங்கையோ வீட்டையோ விற்றுப் பெறும் ஆதாயத்தைக் குறிக்கிறது. சுரண்டலைக் குறிக்கும் சொல்லும் பங்குதாரரின் ஆதாயத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிட்டன. 1983இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பு ‘சுர்வலேர்’ என்ற வேறு சொல்லை நாடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சமூகப் பாதுகாப்புக்கு முதலாளிகள் செலுத்தும் தொகையில் இந்தச் சொற்போர் மிகக் கூர்மையடைகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், 1945 அக்டோபர் அவசரச் சட்டங்களின் வழியே பிரான்சில் சமூகப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. கம்யூனிஸ்ட் தலைவரும் சி.ஜி.டி. தொழிற்சங்கத்தவருமான அம்ப்ருவாஸ் குருவாசா தொழிலாளர் துறை அமைச்சராக இருந்து அதை நாடெங்கும் நிலைநாட்டினார். நோய்க்கும் முதுமைக்கும் அந்த நிதிக்குச் செல்லும் பணத்தின் பெயர் ‘கோட்டிசாசியோன்’, அதாவது பங்களிப்பு. பின்னாளில் பெறுவதற்காக ஒதுக்கப்படும் கூலி அது என்பது தொழிற்சங்கங்களின் நிலைப்பாடு. முதலாளிகளின் அமைப்புகளும் பெரும் ஏடுகளும் அதை ‘ஷார்ஜ்’ என்கின்றன. அதன் பொருள் சுமை. ஆங்கில ஆவணத்தில் ‘கான்ட்ரிபியூஷன்’ என்று நேராக எழுதப்பட்டிருக்கையில், அதைச் ‘சுமை’ என்று பெயர்ப்பவர் முதலாளியின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

சுமை என்றாகிவிட்டால் அதை இறக்குவது நற்செயல் என்றாகிவிடும். ‘போட்டித்திறனுக்கும் வேலைவாய்ப்புக்கும்’ என்ற பெயரில் பிரான்ஸ் அரசு 2013இல் நிறுவனங்களுக்கு, அவை வழங்கும் கூலித்தொகையின் அடிப்படையில் வரிச்சலுகை அளித்தது. 2019இல் அது சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பிலேயே நிரந்தரக் குறைப்பாக மாற்றப்பட்டது. நிதியில் விழும் பள்ளத்தை நிரப்ப மதிப்புக்கூட்டு வரியின் ஒரு பகுதி திருப்பிவிடப்படுகிறது. முதலாளி செலுத்தாத தொகையை, ரொட்டி வாங்கும் தொழிலாளியே வரியாகச் செலுத்துகிறார். பிறகு ஓய்வூதிய நிதியில் பற்றாக்குறை என்ற முழக்கம் எழுகிறது. 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டத்தை, லட்சக்கணக்கானோர் வீதியில் இறங்கிய பின்னும், தேசிய அவையின் இறுதி வாக்கெடுப்பைத் தவிர்த்து மக்ரோன் அரசு நிறைவேற்றியது. சொல்லில் தொடங்கிய சுமை தொழிலாளியின் ஆயுளில் இரண்டு ஆண்டுகளாக வந்து அமர்ந்தது.

சி.ஜி.டி. இதற்கு ஒரு தக்க மறுமொழியை முன்வைத்தது. உழைப்புக்குச் செலவு உண்டெனில் ‘மூலதனத்தின் செலவு’ எவ்வளவு என்று அது கேட்டது. பங்காதாயமும் வட்டியும் உற்பத்தியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அவற்றைச் சுமை என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை.

இந்தியத் தொழிலாளிக்கும் இதில் பாடம் உண்டு. பல தனியார் நிறுவனங்கள் வேலைக்கு அமர்த்தும்போது ‘காஸ்ட் டு கம்பெனி’ என்ற பெயரில் ஒரு பெருந்தொகையைக் காட்டுகின்றன. வருங்கால வைப்புநிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதமும் அதனுள் அடக்கம். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பின் வரையறையோ அத்தொகையை ஊதியத்தில் சேர்ப்பதில்லை. ஆசை காட்டும்போது ஊதியம், சட்டத்தின் முன் ஊதியமன்று, முதலாளிகளின் மாநாட்டில் சுமை என ஒரே பணம் மூன்று வேடம் புனைகிறது.

ஆகவே, ஒப்பந்தங்களையும் சட்ட வரைவுகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுவரும் இடத்தில் தொழிற்சங்கங்கள் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பங்களிப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் சுமை என்ற சொல் நுழையுமானால், கையெழுத்திடும் முன்பே அதை அடித்துத் திருத்தக் கோருவது கூலி உயர்வு கோருவதற்கு இணையான கடமையாகும்.