நினைப்பை மாற்றினால் இரத்தம் ஊறுமா?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை மலையக மக்கள் 16 நாள் நடந்தார்கள். அன்றன்றைய தூரம் முன்பே பிரிக்கப்பட்டிருந்தது. பின்தங்கியவரிடம் யாரும் “களைப்பு உன் நினைப்பில்தான்” என்று சொல்லவில்லை. அதே மன்னார்க் காட்டுவழியில் வந்த நம் பாட்டன் பூட்டிமாருக்கு அந்த நிதானம் கிடைக்கவில்லை. வழியிலேயே விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கூட்டி ‘மனப்பயிற்சி’ கொடுத்திருக்கிறார்கள். நினைப்பை மாற்று, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி எடு, களைப்பு ஓடிவிடும் என்பதுதான் பாடம். மறுநாள் தலைசுற்றி மலையில் உட்கார்ந்த அக்காவுக்கு அரைப்பேர்!

தோழர்களே, இந்தப் பேச்சின் மூலம் பிரித்தானியா. மாதக்கணக்கில் விடாத களைப்பு நோய்க்கு, சிந்தனையையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சையும் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவதும் பலன் தரும் என்று 2011இல் அங்கே ஓர் ஆய்வு சொன்னது. நோயாளிகள் விடாமல் எதிர்த்தார்கள். 2021இல் அந்நாட்டு மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ், அப்படிக் கூட்டும் பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்றது. சிந்தனைச் சிகிச்சை சமாளிக்க உதவலாம், நோயைத் தீர்க்காது என்றும் சொன்னது. அங்கே ஒதுக்கியதை இங்கே நம் கூடையில் போடுகிறார்கள்.

அந்த முறையில் நமக்கு உதவுவதும் உண்டு. எந்த வேலைக்குப் பிறகு உடம்பு சாய்கிறது என்று இரண்டு வாரம் கொப்பியில் குறியுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். விழுவதற்கு முன்பே உட்காருங்கள். நல்ல நாளில் நாலு நாள் வேலையைச் சேர்த்துச் செய்யாதீர்கள். ‘சோம்பேறி’ என்று உங்களையே ஏசாதீர்கள்.

ஆனால் முதலில் இரத்தப் பரிசோதனை. நம் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம். சீனி வியாதி, தைரொயிட் கோளாறும் இப்படித்தான் ஆளைச் சாய்க்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது; ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். (நாம் பறிப்பதே நம்மைக் குடிக்கிறது!)

குறித்த கொப்பியைத் தலைவரிடமும் காட்டுங்கள். சம்பளம் வெட்டாமல் கிளினிக் போக ஒரு நாள், மலையில் நிழலோடு இருக்க இடம், தலைசுற்றி உட்கார்ந்தவருக்கு முழுப்பேர் என்று துரையிடம் கேட்கப் போகும்போது அந்தக் கொப்பிகள் மேசையில் இருக்க வேண்டும்.